கொசுவின் குடற்சுவர்

1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள். செகந்திராபாத்தில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிவந்த ரொனால்டு ராஸ், ஒரு கொசுவின் வயிற்றைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நாள்களுக்கு முன் மலேரியா நோயாளி ஒருவரின் குருதியைக் குடித்த கொசு அது. கடிக்கவிட்ட கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் அந்நோயாளிக்குக் கூலி தரப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாக ராஸ் ஆராய்ந்த கொசுக்கள் பெரும்பாலும் மனித மலேரியாவைச் சுமக்க இயலாத வேறு இனங்களைச் சேர்ந்தவை. அன்று அவர் கையில் இருந்ததோ சிறகில் புள்ளிகள் கொண்ட அனாஃபிலஸ் கொசு. அதன் வயிற்றுச் சுவரில், கொசுவின் உடலுக்கு உரியனவல்லாத சில உருண்டைச் செல்களை அவர் கண்டார். அவற்றுள் கரிய துகள்கள் இருந்தன. 1880இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு மருத்துவர் லவெரான், மலேரியா நோயாளியின் குருதியில் கண்டறிந்த ஒட்டுண்ணிக்குள் இருந்த அதே கருந்துகள்கள்!

ராஸ் கவிதை எழுதும் பழக்கமும் உடையவர். இக்கண்டுபிடிப்பின் மகிழ்ச்சியை அவர் கவிதையாகவும் எழுதிவைத்தார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்து, ஒட்டுண்ணி கொசுவின் குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சென்று சேர்வதையும் காட்டினார். அதே காலத்தில் இத்தாலியில் கிராசி குழுவினர், மனித மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலஸ் கொசுவே என நிறுவினர். 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

செகந்திராபாத்தில் ராஸ் கண்டது, குடற்சுவரைக் கடந்து அதன் வெளிப்புறத்தில் அமர்ந்துவிட்ட ஒட்டுண்ணியை. அது அச்சுவரை எவ்வாறு கடந்தது என்னும் கேள்விக்கு விடை தேட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிய வேண்டியிருந்தது. கொசுவைப் பறக்கும் ஊசி என எண்ணுவது பொதுவழக்கு. ஒருவரிடமிருந்து குருதியை எடுத்து மற்றொருவரிடம் சேர்ப்பதால் நோய் பரவுகிறது என்பது அவ்வெண்ணம். மலேரியாவைப் பொறுத்தவரை அது பிழை. ஒட்டுண்ணி கொசுவின் உடலில் பிறந்து, உருமாறி, வளர்ந்து, பெருகியாக வேண்டும். அந்த வாழ்க்கைக்கு நுழைவாயிலாக இருப்பது, ஒரே அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய நடுக்குடற் சுவர். அச்சுவரின் மேற்பரப்பில் உள்ள புரதங்களே இப்பாடத்தின் பொருள்.

குருதி உணவு

பெண் கொசு மட்டுமே குருதி குடிக்கிறது. முட்டைகளை வளர்க்கத் தேவையான புரதத்தை அது குருதியிலிருந்து பெறுகிறது. ஒன்றிரண்டு மில்லிகிராம் எடையுள்ள கொசு, ஏறத்தாழத் தன் எடைக்கு நிகரான குருதியைச் சில நிமிடங்களில் உறிஞ்சிவிடுகிறது. குருதி தந்தவர் மலேரியா ஒட்டுண்ணியைச் சுமப்பவராயின், கேமீட்டோசைட்டுகள் எனப்படும் அதன் ஆண், பெண் வடிவங்களும் குருதியோடு கொசுவின் வயிற்றை அடைகின்றன.

மனித உடலின் வெப்பத்திலிருந்து கொசுவின் உடலுக்கு வந்ததும் வெப்பநிலை சட்டென்று குறைகிறது. கொசுவின் உடலில் உருவாகும் சாந்தூரினிக் அமிலம் என்னும் பொருளும் உடன் சேர்கிறது. இவ்விரண்டையும் கொண்டே தான் இடம் மாறியதை ஒட்டுண்ணி உணர்கிறது. அடுத்த பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் ஓர் ஆண் வடிவம் தன் மரபுப்பொருளை மும்முறை இரட்டித்து, வால் போன்ற இழையுடைய எட்டு ஆண் இனச்செல்கள் வரை வெளியிடுகிறது. அவற்றுள் ஒன்று பெண் இனச்செல்லோடு கலந்து கருமுட்டை உருவாகிறது. ஏறத்தாழ ஒரு நாளில் அக்கருமுட்டை நீண்டு, பிறை போல வளைந்து, தானே நகரும் ஆற்றல் பெறுகிறது. இந்த நகரும் கருமுட்டைக்கு ஊகைனீட் என்று பெயர்.

ஊகைனீட் இருக்கும் இடம் பாதுகாப்பானது அன்று. குருதியைச் செரிக்கக் கொசு சுரக்கும் நொதிகள் ஒருபுறம். குருதியோடு வந்த மனிதனின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் மறுபுறம். குடலில் பெருகும் பாக்டீரியங்கள் வேறு. செரிமானம் முடிவதற்குள் அது சுவரைக் கடந்து வெளியேற வேண்டும். வழியிலோ ஒரு திரை குறுக்கிடுகிறது. கொசு குருதி குடித்ததும், குருதித்திரளைச் சுற்றிக் கைட்டினாலும் புரதங்களாலும் ஆன ஓர் உறை உருவாகத் தொடங்குகிறது. இதனை உணவு சூழ் உறை எனலாம். ஊகைனீட் கைட்டினைச் சிதைக்கும் நொதியைச் சுரந்து இவ்வுறையைத் துளைக்கிறது. பறவை மலேரியா ஒட்டுண்ணியில் இந்நொதி செயலற்ற வடிவில் சுரக்கப்படுகிறது; கொசுவின் செரிமான நொதியாகிய டிரிப்சின் அதனை வெட்டிய பின்னரே அது செயல்படத் தொடங்குகிறது. தன்னை அழிக்க வந்த நொதியையே ஒட்டுண்ணி தன் கருவிக்குச் சாணைக்கல்லாக்கிக் கொள்கிறது!

இடுக்கமான கணவாய்

மனித உடலில் மலேரியா ஒட்டுண்ணிகள் கோடிக்கணக்கில் பெருகக்கூடியவை. கொசுவின் வயிற்றில் நிலைமை தலைகீழ். ஒருவேளைக் குருதியோடு நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ கேமீட்டோசைட்டுகள் சென்றாலும், ஊகைனீட்டாகத் தேறுபவை மிகச் சிலவே. சுவரைக் கடந்து, ராஸ் கண்ட உருண்டை வடிவாகிய ஊசிஸ்ட்டாக நிலைபெறுபவை, இயற்கைச் சூழலில் வாழும் கொசுக்களில் பெரும்பாலும் ஐந்தைத் தாண்டுவதில்லை. அதன்பின் பெருக்கம் மீண்டும் தொடங்குகிறது. ஓர் ஊசிஸ்ட்டினுள் ஆயிரக்கணக்கான ஸ்போரோசோயிட்டுகள் உருவாகின்றன. ஏறத்தாழ இரு வாரங்களில் அவை வெடித்து வெளியேறி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகின்றன. அடுத்த கடியில் நோய் மற்றொருவரைச் சேர்கிறது.

பெரும்படை ஒன்று ஒற்றையடிப் பாதையில், ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டிய இடம் இது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் உலகில் 26 கோடியே 30 இலட்சம் முறை மலேரியா கண்டது. 5,97,000 பேர் உயிரிழந்தனர். உயிரிழப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஆப்பிரிக்காவில் நேர்ந்தவை. அங்கு இறந்தவர்களுள் நால்வரில் மூவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இத்தனை உயிர்களைக் கொள்ளும் நோய், பயணத்தின் ஓரிடத்தில், விரல்விட்டு எண்ணத்தக்க சில செல்களை நம்பியிருக்கிறது. அறிவியலாளர் பலர் குடற்சுவரின்மீது கண் வைத்ததற்குக் காரணம் இதுவே.

பற்றுக்கோடுகள்

நடுக்குடற் செல்களின் உட்புற விளிம்பில், மிக நுண்ணிய விரல்கள் போன்ற நீட்சிகள் நெருங்கி நிற்கின்றன. செரித்த உணவை உறிஞ்சும் பரப்பைப் பெருக்குவதற்காக அமைந்த இவற்றை நுண்விரலிகள் என்பர். இவற்றின் மேல் புரதங்களும், புரதங்களோடு பிணைந்த சர்க்கரைச் சங்கிலிகளும் போர்வை போலப் படர்ந்துள்ளன. உறையைத் துளைத்து வரும் ஊகைனீட், செல்லுக்குள் புகுமுன் இப்போர்வையில் எதையேனும் பற்றிக்கொள்ள வேண்டும். வழுக்கும் கிணற்றுச் சுவரில் ஏறுபவனுக்குக் கல்லின் விளிம்பு வேண்டியதைப் போன்றது இது. அவ்விளிம்புகள் கொசுவின் சொந்தப் புரதங்கள். வேறு வேலைக்காக அமைந்தவை.

2001ஆம் ஆண்டில் மார்செலோ ஜேகப்ஸ்-லொரேனா என்னும் அறிவியலாளரின் குழு, கொசுவின் குடற்சுவரில் ஒட்டும் குறும்புரதங்களைத் தேடியது. பன்னிரண்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு, கொசுவின் நடுக்குடலிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் ஒட்டியது. எஸ்.எம்-1 எனப் பெயரிடப்பட்ட அத்துண்டு ஒட்டிய இடத்தில் ஒட்டுண்ணியால் ஒட்ட முடியவில்லை. இருக்கையில் துண்டைப் போட்டு இடம்பிடித்தாற்போல அது செயல்பட்டது. மறு ஆண்டே இத்துண்டைத் தம் குடலில் தாமே உருவாக்கும் கொசுக்களை அக்குழு படைத்தது. அவை எலி மலேரியாவைப் பரப்பும் திறனைப் பெரிதும் இழந்திருந்தன. ஆனால், பின்னர் நடந்த ஆய்வுகளில், எலி மலேரியா ஒட்டுண்ணியின் சில வழித்தோன்றல்கள் இத்தடையைப் பொருட்படுத்தாமல் வேறு பற்றுக்கோட்டைப் பிடித்து உள்ளே நுழைவது தெரியவந்தது. சுவரில் வாயில் ஒன்றுக்கு மேல் உண்டு என்பதை ஆய்வாளர்கள் இதனால் அறிந்தனர். எல்லா ஒட்டுண்ணிகளுக்கும் பொதுவான வாயில் எது என்பதே அதன்பின் கேள்வியாயிற்று.

அதற்கு விடையாகக் கருதத்தக்க புரதங்களுள் முதன்மையானது ஏ.பி.என்-1. நுண்விரலிகளின் மேற்பரப்பில் நங்கூரமிட்டு நிற்கும் இது ஒரு செரிமான நொதி. புரதத் துண்டுகளின் ஒரு முனையிலிருந்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக நறுக்குவது இதன் பணி. மற்றொன்று ஃபிரெப்-1. இது உணவு சூழ் உறையில் அமைந்து, ஒட்டுண்ணிக்குப் பிடிமானமாக உதவுகிறது. ஒன்று சுவரில், மற்றொன்று சுவருக்கு முன்னுள்ள திரையில். ஒட்டுண்ணிக்கு உதவுவதற்காக இவற்றுள் எதுவும் தோன்றவில்லை. கொசு இவற்றை எளிதில் துறக்கவும் இயலாது. ஃபிரெப்-1 புரதத்துக்குரிய மரபணுவை அறவே நீக்கிப் பார்த்த ஆய்வில், ஒட்டுண்ணித் தொற்று குறைந்தது. கூடவே கொசு குருதி குடிப்பதும், முட்டையிடுவதும், வாழ்நாளும் குறைந்தன.

பூட்டும் சாவியும்

சுவரைப் பற்றி உள்ளே புகுந்துவிட்டால் துன்பம் தீர்ந்தது என்று ஒட்டுண்ணி இருந்துவிட முடியாது. செல்லைக் கடந்து மறுபுறம் வரும்போது, கொசுவின் உடற்பாய்மத்தில் உள்ள டெப்-1 என்னும் காவற்புரதம் காத்திருக்கிறது. அது ஒட்டுண்ணியின்மேல் படிந்து அதனைக் கொல்லவல்லது. ஆப்பிரிக்காவின் பால்சிபாரம் ஒட்டுண்ணிகளோ ஆப்பிரிக்கக் கொசுக்களில் இக்காவலைத் தப்பிவிடுகின்றன. அவற்றின் மேற்பரப்பில் உள்ள பி.எஃப்.எஸ்-47 என்னும் புரதம், கொசுவின் குடற்செல்லில் உள்ள ஓர் ஏற்பிப் புரதத்தோடு சாவி பூட்டில் பொருந்துவதுபோல் பொருந்துகிறது. பொருந்தினால் காவல் விழித்தெழுவதில்லை. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் கரோலினா பாரியாஸ்-முரி குழுவினர் வகுத்த விளக்கம் இது.

பூட்டு ஒவ்வொரு கொசு இனத்திலும் சற்று வேறுபடுகிறது. அமெரிக்கக் கண்டத்து ஒட்டுண்ணியை ஆப்பிரிக்கக் கொசுவில் இட்டால் பெரும்பாலும் அழிகிறது. அதற்கு ஆப்பிரிக்கச் சாவியைக் கொடுத்தால் பிழைக்கிறது. பால்சிபாரம் மலேரியா அடிமை வணிகக் கப்பல்களில் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கக் கண்டத்திற்குச் சென்றது. சங்கிலியில் பிணைக்கப்பட்ட மனிதர்களின் குருதியில் கடல் கடந்த ஒட்டுண்ணி, அங்கிருந்த புதிய கொசுக்களின் பூட்டுக்கேற்பத் தன் சாவியை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வரலாற்றின் ஒரு கொடுமை, கொசுவின் குடற்புரதத்தில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

கொசுவை மாற்றுதல்

புரதங்களை அறிந்தபின் இரு வழிகள் திறந்தன. ஒன்று, கொசுவின் மரபணுவையே திருத்துவது. 2025ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு ஃபிரெப்-1 புரதத்தை மீண்டும் கையில் எடுத்தது. இம்முறை புரதத்தை நீக்கவில்லை. அதன் 224ஆம் இடத்தில் உள்ள லியூசின் என்னும் ஓர் அமினோ அமிலத்துக்கு மாற்றாகக் குளூட்டமின் அமைந்த வடிவம் இயற்கையிலேயே சில கொசுக்களில் உண்டு. அவ்வடிவத்தைப் பெற்ற கொசு நலமாக வாழ்கிறது. ஒட்டுண்ணிதான் அதில் தங்குவதற்குத் திணறுகிறது. கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்தக் கருவியைக் கொண்டு, இவ்வடிவம் தலைமுறைதோறும் மிகுதியாகப் பரவும்படி ஆய்வகக் கூண்டுகளில் செய்துகாட்டினர்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இனம் அனாஃபிலஸ் ஸ்டீபன்சி. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு இதுவே. சென்னையின் கிணறுகளிலும் மூடப்படாத மேல்நிலைத் தொட்டிகளிலும் முட்டையிடுவது. 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்ட இது, இப்போது அக்கண்டத்து நகரங்களுக்கும் அச்சுறுத்தலாக வளர்ந்துவருகிறது. ஆயினும், கூண்டுக்குள் நிகழ்ந்ததை வெளியில் நிகழ்த்துவது எளிய முடிவன்று. பறந்துசெல்லும் உயிரினத்துக்கு ஊர் எல்லையோ நாட்டு எல்லையோ இல்லை. ஒருவர் இசைவு தந்து விட்ட கொசு, இசைவு தராதவர் வீட்டிலும் முட்டையிடும்.

குருதியோடு செல்லும் காவல்

மற்றொரு வழி மனிதனின் குருதி வழியாகச் செல்கிறது. கொசு குருதியை உறிஞ்சும்போது அதிலுள்ள எதிர்ப்பொருள்களையும் சேர்த்தே உறிஞ்சுகிறது. அவை கொசுவின் வயிற்றில் சில மணிநேரம் செயலோடு இருக்கும். எனவே, ஏ.பி.என்-1 புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்களை மனித உடலில் உருவாக்கிவிட்டால், கொசு தன் குடற்சுவரை மூடும் பூச்சைத் தானே குடித்துக்கொள்ளும். ஊகைனீட் பற்ற வரும் இடத்தை எதிர்ப்பொருள் முன்னரே அடைத்திருக்கும்.

2007ஆம் ஆண்டில் ரோயல் டிங்லசன், ஜேகப்ஸ்-லொரேனா குழுவினர் இக்கருத்து செயல்படக்கூடியதே என்று காட்டினர். ஏ.பி.என்-1 புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள், பால்சிபாரம் ஒட்டுண்ணி கொசுவின் குடலில் வளர்வதைத் தடுத்தன. பின்னர்க் கேமரூன் நாட்டில், இயற்கையாக நோயுற்றவர்களின் குருதியிலிருந்த ஒட்டுண்ணிகளைக் கொண்டும் இது சோதிக்கப்பட்டது. பால்சிபாரம், வைவாக்ஸ் ஆகிய இருவகை ஒட்டுண்ணிகளையும் ஒரே புரதத்தை மறைப்பதன் மூலம் தடுக்க முடிந்தது. அனாஃபிலஸ் இனங்கள் பலவற்றில் இப்புரதத்தின் அப்பகுதி பெரிதும் மாறாமல் இருப்பது கூடுதல் நன்மை.

ஓர் ஐயம் இங்கு எழும். மனித உடலிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நொதி உண்டு. கொசுவின் புரதத்துக்கு எதிராக எழும் எதிர்ப்பொருள் நம் சொந்தப் புரதத்தைத் தாக்காதா? இதனால்தான் முழுப் புரதமும் பயன்படுத்தப்படவில்லை. மனிதப் புரதத்தோடு ஒற்றுமை குறைந்த ஒரு சிறு பகுதியே தேர்ந்தெடுக்கப்பட்டது. 2015இல் இப்புரதத்தின் முப்பரிமாண வடிவம் வெளியானபோது மற்றொரு செய்தியும் தெளிவாயிற்று. எந்த இடத்தை மறைத்தால் ஒட்டுண்ணி தடைபடுமோ, அவ்விடத்தைவிட வேறோர் இடமே உடலின் எதிர்ப்பாற்றலை மிகுதியாக ஈர்த்தது. அங்கு எதிர்ப்பொருள் எவ்வளவு படிந்தாலும் பயன் குறைவு. காவலர் காலியான வாயிலைக் காத்து நிற்பது போலத்தான். ஆகவே, கவனத்தைத் திசைதிருப்பும் அப்பகுதியை நீக்கி, தேவையான பகுதியை மட்டும் கொண்ட புதிய வடிவம் அமைக்கப்பட்டது.

அயலாருக்கான தடுப்பூசி

இத்தகைய தடுப்பூசியில் ஒரு தனித்தன்மை உண்டு. இதைப் போட்டுக்கொண்டவருக்கு மலேரியா வராமல் இது தடுக்காது. நோயுள்ள கொசு கடித்தால் அவருக்குக் காய்ச்சல் வரும். அவரைக் கடித்த கொசு அடுத்தவருக்கு நோயைக் கொண்டுசெல்லாது என்பதே இதன் பயன். 2021இலும் 2023இலும் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த இரு மலேரியாத் தடுப்பூசிகளும் போட்டுக்கொள்ளும் குழந்தையைக் காப்பவை. குடற்சுவர்த் தடுப்பூசியோ ஊரைக் காப்பது. ஊர் காக்கப்படுவதன் வழியே தனியரும் காக்கப்படுவர்.

தனக்கு நேரடிப் பயன் தராத ஒன்றை, சிறிதளவேனும் வலியும் காய்ச்சலும் தரக்கூடிய ஒன்றை, நலமாக உள்ள ஒருவர் ஏன் ஏற்க வேண்டும்? இது வெறும் நூற்கேள்வி அன்று. ஒட்டுண்ணியின் பாலின வடிவங்களைத் தாக்கும் வேறுவகைப் பரவல்தடுப்புத் தடுப்பூசிகள் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் சோதிக்கப்பட்டுள்ளன. அங்கு ஊர் மக்கள் தன்னார்வலர்களாக முன்வந்து ஊசி போட்டுக்கொண்டனர். ஆய்வகத்தில் வளர்த்த கொசுக்களைத் தம் தோலில் கடிக்கவும் விட்டனர். அக்கொசுக்களின் குடலைப் பிரித்து ஊசிஸ்ட்டுகளை எண்ணியே தடுப்பூசியின் ஆற்றல் அளக்கப்பட்டது.

கொசுவின் குடற்புரதத்தைக் கொண்டு அமையும் தடுப்பூசிக்கு மேலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீர்தான் நம் உடலுக்குள் வருகிறது, குடற்புரதம் வருவதில்லை. எனவே, ஒருமுறை உண்டான எதிர்ப்பொருள்களை நோயோ கடியோ மீண்டும் தூண்டாது. அவற்றின் அளவு குறையக் குறைய ஊசியைத் திரும்பப் போட வேண்டும். ஊரில் சிலர் மட்டும் போட்டுக்கொண்டாலும் போதாது. கொசு போடாதவரைக் கடித்துவிடும். மழைக்காலம் தொடங்கி கொசுக்கள் பெருகுமுன், சிறுவர் முதல் முதியோர் வரை பெரும்பாலோரும் சேர்ந்து போட்டுக்கொள்ள வேண்டும்.

அவர்களுள் மிகவும் இன்றியமையாதவர்கள், நோயாளிகளாகத் தோன்றாதவர்களே. ஆண்டுதோறும் மலேரியா பரவும் ஊர்களில், பலமுறை நோயுற்றுத் தேறியவர்களின் உடலில் ஒட்டுண்ணி காய்ச்சலே இன்றித் தங்கியிருக்கும். அவர்கள் வயலுக்கும் சந்தைக்கும் சென்றுவருவர். மருத்துவமனைக்குச் செல்லக் காரணம் இராது. கேமீட்டோசைட்டுகள் அவர்களது குருதியிலும் உலவிக்கொண்டிருக்கும். பொழுது சாய்ந்தபின் திண்ணையில் உறங்கும் அத்தகைய ஒருவரைக் கடிக்கும் கொசு, இரு வாரங்கள் கழித்து, பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடிக்கக்கூடும். நலவாழ்வுப் பணியாளர் ஊசியோடு முதலில் நாடிச் செல்ல வேண்டியது, தமக்கு எந்நோயும் இல்லை என்று நம்பியிருக்கும் அந்த மனிதரைத்தான்.